மீவு என்றால் யார்?

நாற்பத்திரண்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை வீட்டிலிருந்து வந்த முதல் போன், "டுப்பின்னா என்னங்க?" என்ற கேள்வியோடு ஆரம்பித்தது.

அகிலாண்டம் அப்போது பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஈரத்துண்டு நழுவி, கீழ்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"தண்ணி," என்றாள். "டுப்பின்னா தண்ணி. யாரு பேசுறது?"

 மறுமுனையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் நித்திலா. குழலியோட பொண்ணு. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு மாசமாச்சு. இங்க திருச்சியிலதான் சேர்த்திருக்கோம். பேசுறதுக்கு 'சொல்லி'ன்னு ஒரு கருவி வெச்சிருக்கு. ஆனா அதுல தமிழே வரல, வேற என்னமோ வருது. சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள ஒரு பாஷை பேசிக்குவீங்கன்னு அம்மா ஒருதடவை சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் கூப்பிட்டேன். அப்ப ரெண்டு மாசமா தண்ணி கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எங்களுக்குத்தான் தெரியல."

குழலியின் மகள் முறைப்படி அவளைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். பத்து நிமிடப் பேச்சில் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. வெறும் "நீங்க"தான். அகிலாண்டம் அதைக் கவனித்தாள். நியாயம்தான் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சொல்லிக்கு அரசு வைத்த பெயர் ஒரு முழ நீளம். அது யார் வாயிலும் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவில் வைத்துத் தைத்துவிடுவார்கள். வாய் பேச முடியாதவர்கள் மனதுக்குள் கோக்கிற சொற்களை அது பிடித்துத் தலைமாட்டில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அந்த ஆளின் பழைய குரலிலேயே பேசும். வந்த புதிதில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஆனந்தக் கண்ணீராக ஓடியது. பிறகு முணுமுணுப்பும் கிளம்பியது. மூன்று மாதம் ஊமையாகப் படுத்திருந்த மாமியார் பெட்டி வழியாகப் பேசிய முதல் வாக்கியம் "என் வளையலைக் கழட்டினவ யாரு?" என்று இருந்தால் எந்த வீட்டில்தான் சங்கடம் வராது? சொல்லி பேசியது கோர்ட்டிலும் செல்லும் என்று ஆன பிறகு, படுத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

அகிலாண்டமும் அந்த நாலு பேரில் ஒருத்திதான். போனை வைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது தங்கையைப் பற்றிய கவலை இல்லை. அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்தான் வந்தது. அது வந்ததற்காகவே தன்மேல் வெறுப்பாகவும் இருந்தது.

அவர்கள் பிறந்தது பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா மாணிக்கம் பணிமனையில் ஃபிட்டர். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பெண்கள். முதலில் வந்தவளுக்குத் திருவானைக்கா அம்மன் பெயர், அடுத்தவளுக்கு மலைக்கோட்டை அம்மன் பெயர் என்று அகிலாண்டேஸ்வரி, மட்டுவார்குழலி ஆனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பக்தி கிடையாது. அவர்களுக்கு அண்டா, குழல்.

மூன்று வயது வரை இருவரும் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டாள். அது போதாதென்று ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரிடமும் இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் இரண்டையும் மேசைமேல் உட்காரவைத்து ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தார். "இதுங்க ஓயாம பேசிக்கிட்டுத்தானேம்மா இருக்கு. உன் கூடத்தான் பேசல. என்ன கோபமோ," என்றாராம்.

உண்மைதான். டுப்பி தண்ணீர். கோக்ரா சோறு. லேலே என்றால் இருட்டு, தூக்கம், அம்மா திட்டுவது மூன்றும். ஷாங் என்றால் பணிமனைச் சங்கு, அதனால் அப்பாவும் ஷாங்தான். சாயங்காலச் சங்கு ஊதியதும் "ஷாங், ஷாங்" என்று இருவரும் வாசலுக்கு ஓடுவார்கள். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த சட்டைப்பையிலிருந்து தேய்ந்துபோன பேரிங் குண்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். ஒன்று மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒருநாள் ஒன்றையே கொடுத்தாராம். இருவரும் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கைகோத்துக்கொண்டு திரும்பி வந்தார்களாம்.

பள்ளியில் அகிலாண்டத்துக்குச் சிவப்பு ரிப்பன், குழலிக்குப் பச்சை ரிப்பன் என்று டீச்சர் சட்டம் போட்டிருந்தார். அந்தச் சட்டம் தண்ணீர்க் குழாயடி வரைக்கும்தான். அங்கே ரிப்பன் மாறிவிடும். எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு கையெழுத்து வேண்டும் என்று ஆனபோது, இருவரும் ஒரு நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு கையெழுத்தைத் தயார் செய்தார்கள். இரண்டையும் இருவரும் பழகினார்கள். யார் பேரை யார் போட்டாலும் ஒரு சுழி மாறாது.

ஆஸ்பத்திரியில் அந்த அறை இரண்டாவது மாடியில் இருந்தது. தன்னைவிட வயதான யாரோ ஒருத்தியைப் பார்க்கப்போவதாக நினைத்துக்கொண்டுதான் அகிலாண்டம் படியேறினாள். கட்டிலில் படுத்திருந்தவளுக்குத் தன்னைப்போலவே இடது நெற்றி ஓரத்தில்தான் நரை அதிகம். போர்வைக்கு வெளியே தெரிந்த குதிகாலில் பித்தவெடிப்புகூட அதே இடத்தில் இருந்தது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது, வலது கை துவண்டு கிடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குழலி அவளைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. பெட்டிதான் குழலியின் குரலில் பேசியது.

"மீவு."

அகிலாண்டம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத்தான் ஓயாம சொல்றாங்க," என்றாள் நித்திலா. முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியை நகர்த்திப் போட்டாள், முகம் கொடுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி டாக்டர் ரஹ்மத் நிஷா நடுத்தர வயதுக்காரர், அதிர்ந்து பேசாதவர். முதல் வேலையாக ஒரு படிவத்தை நீட்டினார். நோயாளி சொல்வதற்கு உண்மையான பொருளையே சொல்வேன் என்று உறுதிமொழி. "ஒரு சம்பிரதாயம்தான். இருந்தாலும், இவங்க பேச்சுக்கு நீங்கதானே சாவி," என்றார். அகிலாண்டம் தன் பேரைக் கையெழுத்திட்டாள்.

"தமிழ் எங்க போச்சு டாக்டர்?"

"தமிழ் இருந்த இடம் அடிபட்டுருச்சு. மூணு வயசுக்குள்ள உங்க கூடப் பேசினது வேற மூலையில பத்திரமா இருந்திருக்கு. வீடு இடிஞ்சா அஸ்திவாரம் வெளிய தெரியும்ல, அது மாதிரி."

"நாம பேசுறது புரியுதா அவளுக்கு?"

"பொருளோட பேரெல்லாம் புரியுது. தண்ணி, வலி, ஜன்னல், நித்திலா. நான், நீ, அவனுக்கு, இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சொல்லுதான் நழுவிடுது. 'நான் போறேன்'னாலும் 'நீ போ'ன்னாலும் அவங்களுக்கு இப்ப ஒண்ணுதான்."

"எங்க பாஷையிலயும் ஒண்ணுதான்," என்றாள் அகிலாண்டம்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"மீவுன்னா நான். நீன்னாலும் மீவுதான். பாலை யாரு குடிச்சதுன்னு அம்மா கேட்டா, மீவு குடிச்சதுன்னு சொல்லுவோம். யாருன்னு எங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு எதுக்கு?"

"அப்ப 'நாம்'னு வெச்சுக்கலாமா?"

"நாம்னா ரெண்டு பேர் வேணுமே டாக்டர். இது ஒருத்தர்."

டாக்டர் அந்தச் சொல்லைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டார். "கேள்வி எப்படிக் கேப்பீங்க அதுல?"

"கேள்வியே கிடையாது. எங்களுக்குள்ள கேக்குறதுக்கு என்ன இருந்துச்சு?"

"பெட்டிக்கு இதெல்லாம் புரியாதும்மா. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் எடுத்துக்கும். நானா, நீயா? எதைப் போடட்டும்?"

"நான்னு போடுங்க. பசின்னு சொன்னா அவ பசியைத்தானே சொல்லுவா."

அதைச் சொல்லும்போது அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த நாலு நாளும் அகிலாண்டம் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். பெட்டி ஒரு சொல்லைச் சொல்லும், அவள் பொருள் சொல்வாள், டாக்டர் அதைப் பெட்டியில் ஏற்றுவார். அடுத்த தடவை பெட்டி அதைத் தமிழாக்கிப் பேசும். "எனக்குத் தண்ணி வேணும்," என்று குழலியின் குரலில் முதல் தமிழ் வாக்கியம் வந்தபோது நித்திலா அறையை விட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். மறந்தே போய்விட்டது என்று அகிலாண்டம் நினைத்திருந்த சொற்களெல்லாம் அடியிலிருந்து மேலே வந்தன. கீச்சு என்றால் எழுதுவது. பொம்மிலி என்றால் மூட்டைப்பூச்சி. அந்தச் சொல்லை எதற்கு நினைத்தாளோ, குழலி இடது பாதி முகத்தால் சிரித்தாள். காலனி வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு பொம்மிலி வேட்டையாடியது அகிலாண்டத்துக்கும் ஞாபகம் வந்தது. அவளும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்து நித்திலா கொஞ்சம் மிரண்டுதான் போனாள்.

நான்காம் நாள் காலையில் பெட்டி, "ஷாங் லேலே," என்றது.

"சங்கு தூங்குது," என்றாள் அகிலாண்டம். "ஞாயித்துக்கிழமைன்னு அர்த்தம். பணிமனைக்கு லீவு, சங்கு ஊதாது."

அன்று ஞாயிற்றுக்கிழமைதான். அறையில் காலண்டர் கிடையாது. டாக்டர் வியந்து குறித்துக்கொண்டார். அகிலாண்டம் தங்கையின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிழமை ஞாபகம் வந்த கையோடு சந்தையையும் பேச ஆரம்பித்தாள். பொன்மலை ஞாயிற்றுச் சந்தை. அப்பாவின் வலது கையில் ஒருத்தி, இடது கையில் ஒருத்தி. வேகவைத்த பனங்கிழங்கை நாரோடு மென்று துப்பிக்கொண்டே நடப்பது. வளையல் கடைக்காரர் ஒரு கையை மட்டும் அளவு பார்த்துவிட்டு நாலு கைக்கும் வளையல் எடுப்பார். தமிழில்தான் சொன்னாள். குழலிக்கு எவ்வளவு புரிந்ததோ, சந்தை, கிழங்கு, வளையல் என்று சொல் வரும்போதெல்லாம் விரல் அழுத்தியது. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவ்வளவு நிம்மதியான ஒரு காலை நேரம் அகிலாண்டத்துக்கு வாய்க்கவில்லை. பயம்கூட மறந்துவிட்டது.

மறுநாள்தான் அந்த வாக்கியம் வந்தது.

குழலி வெகுநேரம் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஓடியது, "மீவு கீச்சு. மீவு பேரு மீவு கீச்சு." பேருக்கு அந்த மொழியிலும் பேருதான். பெட்டி அந்த வாக்கியத்தைத் தெளிவான தமிழில் சொன்னது.

"நான் எழுதினேன். என் பேரை நான் எழுதினேன்."

நித்திலாவின் கையிலிருந்த தம்ளர் மேசையில் இறங்கியது. அகிலாண்டம் அசையவில்லை.

அப்பா பணியில் இருக்கும்போதே போய்விட்டார். மகள்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாரிசுகளில் ஒருவருக்கு வேலை என்று கடிதம் வந்தது. "நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்கடி," என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். எதையும் பேசாமலே தெரிந்துகொண்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் பேசத் தெரியவில்லை. கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது குழலி டைபாய்டு காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தாள். அகிலாண்டம் மனுவில் தன் பெயரை எழுதினாள். இன்னொரு தாளில், இந்த வேலையை என் சகோதரிக்கு வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி, அடியில் குழலியின் கையெழுத்தைப் போட்டாள். திருட்டு என்று அப்போது தோன்றவேயில்லை. யாருக்குக் கிடைத்தால் என்ன, மீவுக்குக் கிடைக்கிறது என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பு பொய்யில்லை.

உத்தரவு வந்த பிறகு குழலி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அந்தத் தாளைக் காட்டினார்கள். பார்த்தாள். அது அவள் கையெழுத்தேதான். வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்று, தமிழில், "யாருடி போட்டது?" என்று கேட்டாள்.

"நீதான் போட்ட. காய்ச்சல்ல கிடந்தியே, மறந்துட்டியா?" என்றாள் அகிலாண்டம்.

கையெழுத்துப் போட்டதைவிட அதுதான் பெரிய பாவம் என்று அவளுக்கு அப்போதே தெரியும். குழலி கோபப்பட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள். குழலி கோபப்படவில்லை. வீட்டில் வைத்த சாவியைத் தேடுகிறவளைப்போலத் தனக்குள்ளேயே தேட ஆரம்பித்தாள். அந்த முகத்தை அகிலாண்டத்தால் பார்க்க முடியவில்லை. மூன்று மாதத்தில் குழலி கரூருக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அம்மாவின் சாவுக்கு வந்தபோதுகூடத் தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தி.

"பெரியம்மா," என்றாள் நித்திலா.

அந்தச் சொல்லைக் கேட்டு அகிலாண்டம் நிமிர்ந்தாள்.

"எங்களை மன்னிச்சிருங்க. அம்மா ஒருநாள் 'அவதான் போட்டா'ம்பாங்க. மறுநாள் 'இல்லடி, நானே போட்டிருப்பேனோ என்னவோ, காய்ச்சல்ல ஒண்ணும் ஞாபகம் இல்ல'ம்பாங்க. சமையல் பண்ணும்போது, பஸ்ல போகும்போது, திடீர்னு இதையே ஆரம்பிப்பாங்க. இத்தனை வருஷமும் அவங்களுக்கே தெரியல. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சு ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூடக் கூப்பிடாம இருந்துட்டேன். இப்பவாவது அவங்க வாயாலயே வந்துச்சே."

 நித்திலாவுக்குத் தெரியாதது ஒன்று அகிலாண்டத்துக்குத் தெரிந்தது. குழலி சொன்னது ஒப்புதல் இல்லை. குற்றச்சாட்டும் இல்லை. அந்த மொழியில் கேள்வி கிடையாது. கிடையாத கேள்வியை அவள் முகத்தால் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பேரை எழுதியது யார்?

சொல்ல வாய் வந்தது. பெரியம்மா என்ற சொல் இன்னும் காதிலேயே இருந்தது. அவள் சொல்லவில்லை.

டாக்டருக்கு உற்சாகம். "முழு வாக்கியம் வருது பாருங்க. இதையே பிடிச்சுக்கிட்டு நான், நீ பழக்கிடலாம்," என்றார். பயிற்சி எளிமையானது. பெட்டி "நான்" என்று சொல்லும்போது நோயாளியின் கையை எடுத்து அவர் நெஞ்சிலேயே வைக்க வேண்டும். நித்திலா அம்மாவின் இடது கையைப் பிடித்து வைத்தாள். "நான் எழுதினேன்," என்றது பெட்டி. கை நெஞ்சில். "நான் எழுதினேன்." கை நெஞ்சில். பத்து தடவை, பதினைந்து தடவை. குழலி முதலில் குழம்பினாள். பிறகு தன் கையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று குழந்தை ஒப்புக்கொள்வதைப்போல, மெல்லத் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. அக்காவைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தானே தட்டிக் காட்டினாள்.

"பரவால்லம்மா," என்று நித்திலா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "பெரியம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

அகிலாண்டம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். சோறு இறங்கவில்லை. காரியம் கச்சிதமாக முடிந்துவிட்டது. கோர்ட்டே வந்து கேட்டாலும் குழலியின் குரலிலேயே சாட்சி இருக்கிறது. மகள் முறைக்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாள். வயதான காலத்தில் அது சின்ன விஷயமில்லை. வாய்மூடி இருந்தால் போதும். ஆனால் நெஞ்சைத் தட்டிக் காட்டிய அந்தக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு தடவை அவளைத் தனக்குள் தேடவைத்தேன், இப்போது கண்டுபிடித்துவிட்டதாகவும் நம்பவைத்துவிட்டேன் என்று நினைத்தாள். இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு அவள் கூடப்பிறந்தவள் செய்யக்கூடிய கெடுதல் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கு முன்பே போய்விட்டாள். நித்திலா அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா, காபி சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"அப்புறம்," என்று சொல்லிவிட்டு அகிலாண்டம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நித்திலாவைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று தங்கையை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"குழலி. அந்தக் கையெழுத்து. நான்தான்டி போட்டேன்."

நித்திலாவின் சீப்பு நின்றது.

குழலி கூர்ந்து கேட்டாள். அவள் பிடித்துக்கொண்டது இரண்டே சொல்தான். கையெழுத்து. நான். நேற்றுப் பழகியபடி இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தாள். அக்காவுக்கு ஆறுதல் சொல்வதைப்போலத் தலையை ஆட்டினாள்.

"இல்லடி. நீ இல்ல. நான்."

மறுபடி தன் நெஞ்சையே தட்டினாள். தமிழிலும் சொல்ல முடியவில்லை, அந்த மொழியிலும் சொல்ல முடியாது. மீவு கீச்சு என்று இவள் சொன்னால், எந்த மீவு? மூன்று வயதுக்குள் ஒரு தம்ளர் பாலுக்காகச் செய்துவைத்த சொல் இன்று கழுத்தைப் பிடித்தது.

டாக்டரின் மேசைமேல் பயிற்சித் தாள்கள் கிடந்தன. அகிலாண்டம் ஒன்றை எடுத்தாள். பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தாள். குழலியின் கண்ணுக்கு நேராக, மடியில் தாளை வைத்து எழுதினாள். மா. குழலி. ழகரத்தின் வாலை இழுத்து, பேரின் அடியில் ஓடவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் கொக்கி. நாற்பத்திரண்டு ஆண்டுகள் போடாத கையெழுத்து. ஒரு சுழி மாறவில்லை.

குழலி தாளைப் பார்த்தாள். பேனா பிடித்த கையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

அகிலாண்டம் தங்கையின் கையை அவள் நெஞ்சிலிருந்து பிரித்து எடுத்தாள். தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்களா?" என்றாள் நித்திலா, பின்னாலிருந்து. சீப்பைக் கட்டிலில் போட்டாள். "அவ்வளவு வருஷமும் அவங்க பைத்தியக்காரி மாதிரி... நீங்களா?" பெரியம்மா என்ற சொல் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போய்விட்டது.

அகிலாண்டம் திரும்பவில்லை. குழலியின் முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் ஆரம்பித்த தேடல் முடிந்துகொண்டிருந்தது. முதலில் நிம்மதி வந்தது, அது அகிலாண்டத்துக்கு நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் அது அவள் முகமும்தான். நிம்மதிக்குப் பின்னால் கோபம் வந்தது. இருபத்திரண்டு வயதில் வந்திருக்க வேண்டிய கோபம், கொஞ்சமும் தேயாமல் முழுசாக வந்தது. நெஞ்சில் வைத்த கையைக் குழலி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுட்டுவிரல் நீண்டது. இழுத்துக்கொண்டிருந்த வாய் கோணிக்கோணித் திறந்தது. பெட்டி மௌனமாக இருந்தது.

"நீ," என்றாள் குழலி.

கட்டையான, எச்சில் கலந்த குரல். அவள் சொந்த வாயின் குரல். "நீ," என்று மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை அது அழுகையாக உடைந்தது.

வாசலில் வந்து நின்ற டாக்டர் ரஹ்மத் நிஷா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். "வாய் பேசுது, வாயே பேசுது நித்திலா. பெட்டி இல்லாம. அதுவும் தமிழ்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்லை என்றார். நித்திலா அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. குழலி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அகிலாண்டம் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். இனி பொம்மிலி என்று சொன்னால் சிரிக்க ஆளில்லை என்று நினைத்தபோது மட்டும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

டாக்டர் பெட்டியைத் திறந்து சொற்பட்டியலில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "அந்த மீவு மட்டும் குழப்பமா இருக்கும்மா. நான்னு போட்டிருக்கோம், ஆனா அவங்களுக்கு நீயும் வர ஆரம்பிச்சுருச்சு. இனிமே பெட்டி மீவுன்னு பிடிச்சா எதைச் சொல்ல விடட்டும்? நானா, நீயா?"

"அந்தச் சொல்லை எடுத்துருங்க டாக்டர்," என்றாள் அகிலாண்டம். "இனிமே அவ அதைச் சொல்ல மாட்டா."